வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த வேகத்திலேயே போய்விடும் என்று நான் சொல்லிக்கொள்வேன். வீட்டில் யாரும் அதை ஒப்புக்கொண்டதில்லை. கான்கிரீட் போடுகிற நாளில் அது இன்னும் கொஞ்சம் முன்னதாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில், சின்னமனூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது நான் சிவில் பாடம் நடத்துகிற கல்லூரி. பின்பக்கம் பெண்கள் விடுதி. அங்கே குளிக்கிற தண்ணீரெல்லாம் முன்பு பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் போய்த் தேங்கும். தோட்டக்காரர் மாதம் ஒருமுறை வந்து கேட்டுக்கு வெளியே நின்று கத்திவிட்டுப் போவார். என் ஆராய்ச்சி அவர் கத்தலில்தான் ஆரம்பித்தது என்று கட்டுரையில் எழுத முடியாது, ஆனால் உண்மை அதுதான். அந்தத் தண்ணீரைத் திருப்பி, ஜல்லியும் மணலும் நிரப்பிய நீளமான தொட்டிக்குள் விட்டோம். தொட்டி முழுக்கக் கல்வாழைச் செடி நட்டோம். ஒரு முனையில் சோப்புத் தண்ணீர் போகும். மறுமுனையில் தெளிந்த தண்ணீர் வந்து சேமிப்புத் தொட்டியில் விழும். கல்வாழை அதைக் குடித்துவிட்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து சிவப்புச் சிவப்பாகப் பூத்தது. விடுதிப் பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் குளித்த தண்ணீர்தான் என்று யாரும் நினைவுபடுத்தவில்லை.

அந்தத் தண்ணீரில் கட்டடம் கட்டலாமா என்பதுதான் என் கேள்வி. ஊரே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருக்கிற மாதங்களில், குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய்க் கான்கிரீட்டில் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் வாராவாரம் திங்கட்கிழமை அந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். அதில் கலவை போட்டு, சாண் அளவுள்ள இரும்பு அச்சுகளில் நிரப்பி, கியூப் வார்த்து, மிஷினில் வைத்து உடைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் வார்த்த கியூபுக்குச் சளைக்காமல் நின்றது. ஏன் திங்கட்கிழமை? என் டைம்டேபிளில் அன்றைக்குத்தான் மதியம் காலி. அதைத் தவிர வேறு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

அந்த ஆவணியில் விடுதிக்குப் புதிதாக ஒரு படிப்பறை கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டியவர் கோம்பை ஊர்க்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். இருபத்திரண்டு வருடம் சித்தாளாகச் சட்டி சுமந்து, நடுவில் செங்கல் வைக்கப் பழகி, பூச்சு வேலை பழகி, இப்போது நான்கு ஆண்களை வைத்து வேலை வாங்குகிற கொத்தனார். நாங்கள் எல்லோரும் கொத்தனாரம்மா என்போம். மேல்தளம் வரைக்கும் தானே பொறுப்பெடுத்துக் கட்டுகிற முதல் கட்டடம் அவருக்கு இதுதான்.

கல்லூரிக் கட்டட வேலைகளைப் பார்க்கிற சார், ஓய்வு பெற்ற எஞ்சினியர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பவர். வேலையைக் கொடுத்த அன்றே அவர் சொல்லிவிட்டார்.

"ஏம்மா, நல்லாக் கேட்டுக்க. ஸ்லாப் போட்டு இருவத்தெட்டாம் நாள் கியூபை உடைக்கையில பலம் அளவுக்கு வரலைன்னா அதை இடிச்சுப்புடுவேன். பெறகு இங்கன வேற ஆளுதான்."

"சரிங்க சார்" என்றார் கொத்தனாரம்மா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சார் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இடிச்சாகன்னு வைங்க டீச்சர், இந்தப் பள்ளத்தாக்குல பெறகு எவன் ஒரு பொம்பளையை நம்பிக் கொத்துக்கரண்டியைக் குடுப்பான்? திரும்பச் சட்டிதான் எனக்கு."

ஸ்லாப் போட நாள் பார்த்ததும் அவர்தான். வளர்பிறை வெள்ளிக்கிழமை. காலையில் செங்கல்லுக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டினார்கள். நானும் அதிகாலையிலேயே எழுந்து தலைக்குக் குளித்து, ஈரத்தலையை நுனியில் முடிந்துகொண்டு, ஒரு முழம் மல்லிகையோடு வந்து நின்றேன். கலவையின் அளவைச் சரிபார்க்கிற பொறுப்பு என்னுடையது; கையில் ஒரு பச்சை வாளி. அதில் சிவப்புப் பெயின்டால் நானே சுற்றிலும் கோடு போட்டிருந்தேன். ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கோடு வரைக்கும் இரண்டு வாளி தண்ணீர். கண் மதிப்பில் ஊற்றுகிற வேலையே இருக்கக் கூடாது என்பது என் கட்டளை.

பாதி ஸ்லாப் போட்டாயிற்று. தண்ணீர் லாரியைக் காணோம். போன் பண்ணினால், வீரபாண்டிப் பக்கத்தில் டயர் வெடித்து நிற்கிறது என்றார் டிரைவர். டிரம்மில் அடித்தண்ணீர்தான் கிடந்தது. கலவை மிஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் போட்டதும் இனிமேல் போடுவதும் ஒட்டாது. அந்த இடத்தில் காலத்துக்கும் மழை ஒழுகும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்வாழைத் தொட்டியைப் பார்த்தேன்.

"ஓஸ் பைப்பைப் போட்டு அங்கயிருந்து எடுங்க" என்றேன். ஸ்லாப் போட்ட பிறகு அதன்மேல் தேக்கி ஈரமாக வைத்திருக்க மட்டும்தான் அந்தத் தண்ணீருக்கு அனுமதி இருந்தது. கலவைக்கு இல்லை. ஆனால் என் திங்கட்கிழமைச் சோதனைகள் எல்லாம் என் பக்கம் இருந்தன.

இரண்டு வாளி எடுத்ததும் கொத்தனாரம்மா என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், தண்ணி ஒரு மாதிரி..."

நான் அந்த நேரத்தில் லாரி டிரைவரோடு இரண்டாவது சண்டையில் இருந்தேன். போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஒரு மாதிரியும் இல்ல. எல்லாம் டெஸ்ட் பண்ணின தண்ணி. கோடு வரைக்கும் ஊத்துங்க. ஒரு சொட்டு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். நான் சொல்றேன்ல?" என்று கத்தினேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

சாயங்காலத்துக்குள் ஸ்லாப் முடிந்தது. அந்தத் தண்ணீரில் கலந்ததிலிருந்து ஆறு கியூப் வார்த்து வைத்தோம். சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கியூப் எடுத்தீங்கள்ல? அது சொல்லட்டும்" என்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய்ப் பூவை எடுத்துவிட்டு முடியை அவிழ்த்தேன். குப்பென்று ஷாம்பு வாசனை. சீப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் தலைக்குக் குளித்திருக்கிறேன். விடுதியில் அத்தனை பிள்ளைகளும் தலைக்குக் குளித்திருப்பார்கள். வியாழன் ராத்திரியே எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, விடிந்ததும் ஷாம்பும் சீயக்காயுமாகப் போட்டு அலசியிருப்பார்கள். அவ்வளவு தண்ணீரும் ஒரே நேரத்தில் வந்தால் அந்தத் தொட்டி நிறுத்திவைத்தா சுத்தம் பண்ணும்? நுரையோடு தள்ளிவிட்டிருக்கும். ஒரு வருடம் ஆராய்ச்சி பண்ணியிருக்கிறேன், வெள்ளிக்கிழமைத் தண்ணீரை ஒருநாள்கூடச் சோதித்ததில்லை. நல்ல நாள் என்று ஸ்லாபுக்கு வெள்ளியைப் பார்த்தார்கள். அதே நல்ல நாள் என்றுதான் ஊரே தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. காலையில் என் தலையிலேயே ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது, அப்போதும் உறைக்கவில்லை.

நுரை கான்கிரீட்டுக்குள் போனால் உள்ளே காற்றுக் குமிழாக நின்றுவிடும். குமிழ் இருக்கிற கான்கிரீட் பலம் குறையும். இதை நான் மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி.

மறுநாள் அச்சைக் கழற்றினோம். கியூபைக் கையில் எடுத்ததுமே வழக்கத்தைவிட இலேசாக இருந்தது. என் வாய்க்கொழுப்புக்கு அந்த மனுஷியின் கரண்டி போகப்போகிறது. ஆனால் அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சொல்வதற்குப் பதிலாக நல்லவளாக மாறினேன்.

அவருக்கு வெயில் படக் கூடாதென்று என் குடையைக் கொடுத்தேன். இட்லியும் காரச் சட்னியும் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பூசிய சுவரைத் தடவிப் பார்த்து, பத்துப் பேர் கேட்கிற மாதிரிப் புகழ்ந்தேன். வேடிக்கை என்னவென்றால் அவரும் அதே மாதிரி ஆகிவிட்டார். என்னைத் தூரத்தில் கண்டதுமே, "ஏலே, டீச்சர் வாராக, சேரை எடுத்துப் போடு" என்பார். வாரம் தவறாமல் பேப்பரில் பொதிந்து பன்னீர் திராட்சை கொண்டுவந்தார். நான் வகுப்பில் கத்துவது வெளியே கேட்டதாம், "என்னமாப் பாடம் எடுக்குறீக!" என்றார். என் பாடத்தை இதுவரை யாரும் புகழ்ந்ததில்லை. இந்த அம்மா எதற்கு இவ்வளவு பிரியமாக இருக்கிறார் என்று எனக்கு லேசாகச் சந்தேகம்கூட வந்தது. ஆனால் திராட்சை நன்றாக இருந்ததால் மேலே யோசிக்கவில்லை.

ஏழாம் நாள் மூன்று கியூபை உடைத்தோம். தேறியது என்றும் சொல்ல முடியாது, தோற்றது என்றும் சொல்ல முடியாது. நடுவில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த எண்.

"என்ன டீச்சர் சொல்லுது?" என்று கேட்டார் கொத்தனாரம்மா.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"இருக்கும், இருக்கும்" என்றார் அவசரமாக, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

ஒருநாள் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு ஸ்லாபின் மேல் ஏறிப்போனேன். வயலில் கட்டுகிற மாதிரிச் சிறு சிறு பாத்தியாகக் கட்டி, அதில் கல்வாழைத் தண்ணீரைத் தேக்கியிருந்தார் கொத்தனாரம்மா. கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மேகமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று சும்மா அள்ளிக்கொண்டு போனது.

"டீச்சர், எத்தன ஸ்லாபுக்குச் சட்டி தூக்கிக் குடுத்துருக்கேன் தெரியுமா? ஆனா தூக்கிக் குடுக்குறவ கீழதான நிப்பா. சொந்தமாப் போட்ட ஸ்லாபுமேல நின்னு அந்த மலையப் பாக்குறது இதான் மொதத்தடவ."

வெட்கமாக இருந்தது. பாத்தியில் கொஞ்சம் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று எதையோ சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

இருபத்தெட்டாம் நாள் வந்தது. நான்கு வாரக் கணக்கு என்பதால் அதுவும் வெள்ளிக்கிழமைதான். நான் தலைக்குக் குளிக்கவில்லை. ஏதோ கோபம், தலைமுடிமேல். கொத்தனாரம்மா நல்ல சேலை கட்டி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி லேப் வாசலில் நின்றார். கை மட்டும் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது. சார் வந்து மிஷினுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

எங்கள் மிஷின் பழையது. வட்டக் கண்ணாடிக்குள் முள் ஓடும். லேப் உதவியாளர், அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவேன், அளவு வரவேண்டிய இடத்தில் கண்ணாடிமேல் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வாங்கி ஒட்டியிருந்தார். முள் அந்தப் பொட்டைத் தாண்டினால் ஸ்லாப் நிற்கும். தாண்டுவதற்குள் கியூப் உடைந்தால் ஸ்லாபை இடிக்க வேண்டியதுதான்.

முதல் கியூபை வைத்தார். மிஷின் உறுமியது. முள் மெதுவாக ஏறியது. பொட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது கியூபின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. என் உயிரே போய்விட்டது. முள் நிற்கவில்லை. பொட்டைத் தொட்டது, தாண்டியது, இன்னும் கொஞ்சம் போனது, அதற்குப் பிறகுதான் பட்டென்று வெடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இன்னும் கொஞ்ச நேரம் வீம்பாக நின்றுவிட்டு உடைந்தது.

சார் எழுந்துவந்து, உடைந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள பூராம் பொடிப்பொடியாக் குமிழா இருக்கு. ஆனா அளவு வந்துருச்சு. ஏம்மா, எனக்குத் தெரியாம சிமெண்ட் கூடப் போட்டியா?"

"ஆத்தாடி, இல்ல சார்!" கொத்தனாரம்மாவின் குரல் உடைந்தது. "சிமெண்ட்ல கை வைக்கல சார். தண்ணியத்தான் கொறைச்சேன்."

அதே நேரத்தில் நானும், "சார், தப்பு என்னோடது, அது வெள்ளிக்கிழமைத் தண்ணி" என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தோம். "என்ன சொன்னீக?" என்று அவரும், "என்ன சொன்னீங்க?" என்று நானும் ஒன்றாகக் கேட்டோம். சார் உடைந்த துண்டோடு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் முழுக் கதையும் வந்தது. தொட்டித் தண்ணீர் நுரைத்ததைப் பார்த்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் எரிந்து விழுந்ததும், சரி என்று என் கோடு வரைக்கும் ஊற்றி ஒரு சுற்று கலந்திருக்கிறார். கலவை கஞ்சியாக இளகி ஓடியிருக்கிறது. அதை ஸ்லாபில் போட மனசு வரவில்லை. மிஷினைச் சாய்த்துக் கீழே கொட்டிவிட்டு, அடுத்ததிலிருந்து என் கோட்டுக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்தி ஊற்றியிருக்கிறார்.

"நீங்க ஒரு சொட்டு கொறையக் கூடாதுன்னு சொன்னீகளா, நான் ரெண்டு வெரல் கொறைச்சுப்புட்டேன். ஒங்க ஆராய்ச்சிய நாந்தான் கெடுத்துட்டேன், கியூபு தோத்தா எம்மேலதான் தப்புன்னு இருவத்தெட்டு நாளாத் தூக்கம் இல்ல டீச்சர். அதான்..."

"அதான் திராட்சையா?"

"நீங்களும் அதுக்குத்தான இட்லி?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. அண்ணன் மிஷினை அணைத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்பது மாதிரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கிற தண்ணீர்தானா என்று சார் கேட்டார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

விஷயம் உண்மையில் சுலபமானது. நுரை கலவையை இளக்கும். ஏற்கெனவே இளகியிருக்கிற கலவைக்கு என் கோட்டளவு தண்ணீர் அதிகம். அந்த இரண்டு விரல் குறைந்ததில், நுரை எடுத்துக்கொண்ட பலம் திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்கு இது புத்தகத்தில் தெரியும். ஆனால் நான் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மிஷினுக்குள் பார்த்தது அவர்.

ஆனாலும் சந்தேகம் போகுமா? அடுத்த வெள்ளிக்கிழமை தொட்டித் தண்ணீரை எடுத்து, கோடு வரைக்கும் ஊற்றி மூன்று கியூப், இரண்டு விரல் கீழே மூன்று கியூப் வார்த்தேன். ஏழு நாளிலேயே தெரிந்துவிட்டது. என் கோட்டுப்படி வார்த்தவை பொட்டுப் பக்கமே போக லாயக்கில்லாமல் சுலபமாக நொறுங்கின. இரண்டு விரல் கீழே வார்த்தவை போன தடவை ஏழாம் நாள் நின்ற அளவுக்கே நின்றன. அவர் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த ஸ்லாப் இன்றைக்கு இருந்திருக்காது. இதை நான் முதலில் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மறுவாரம் விடுதி மாடி வேலையையும் கொத்தனாரம்மாவிடமே கொடுத்தார். "கலவை நாள் மட்டும் திங்கக்கெழமை" என்றார்.

இதற்கு நடுவில் என் பச்சை வாளியைக் காணோம். லேப் முழுக்கத் தேடினேன். அண்ணனிடம் கத்தினேன். அவர், "எங்கயும் போகாது மேடம், வரும்" என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு நழுவினார்.

ஆயுத பூஜைக்குக் கொத்தனாரம்மா வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பையில் ஒரு வீட்டுக்குப் போகிறோமே, நாய் இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். செம்பட்டை நாய் ஒன்று கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, என் படிப்பு, வேலை எதையும் மதிக்காமல் குரைத்தது. அவர் ஓடிவந்து, "ஏலே சும்மா கெட, நம்ம டீச்சர்" என்று அதட்டிய பிறகுதான் விட்டது.

வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் வாழையிலை விரித்து எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தார்கள். கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, ரசமட்டம். அத்தனை வருடம் சுமந்த இரும்புச் சட்டியும் ஓரத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் ஒரு தட்டில் பொரிகடலை. அதற்குப் பக்கத்தில் அன்றைக்கு உடைந்த மூன்றாவது கியூபின் பாதி, கதம்பம் சுற்றி. அதற்கும் பக்கத்தில் என் பச்சை வாளி.

"லேப் அண்ணேங்கிட்டச் சொல்லிட்டுத்தான் எடுத்தாந்தேன் டீச்சர்" என்றார் கூச்சத்தோடு. "நாளைக்குத் திருப்பிக் குடுத்துருவேன்."

நான் வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனத்தைச் சுற்றிலும் பூசியிருந்தார். நான் போட்ட சிவப்புக் கோட்டின் மேல் படாமல், துடைத்துச் சுத்தமாக விட்டிருந்தார். குங்குமப் பொட்டைக் கோட்டின் மேல் வைக்கவில்லை. கொஞ்சம் கீழே வைத்திருந்தார். குனிந்து, கோட்டுக்கும் பொட்டுக்கும் நடுவில் என் விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டு.